மணப்பெண்ணுக்குக் கொடுத்த சிரிப்பு

படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஓசியில் விளம்பரம் கிடைத்துவிடும். ஒரு கல்யாண வீடு, அதில் ஒரு பஸ் நிறைய நகைச்சுவை நடிகர்கள், ஓடிப்போகும் மாப்பிள்ளை, காது கேளாத பெரியப்பா, விக் கழன்று விழும் தாய்மாமன் என்று எல்லாரும் பார்த்து மறந்துபோன எத்தனையோ படங்களில் அதுவும் ஒன்று. அதைத் திட்டுவதற்காக நான் எழுத உட்காரவில்லை. திட்டாமல் இருக்கப்போவதும் இல்லை, அது வேறு. அந்தப் படத்தின் மணப்பெண்ணுக்குச் சிரிப்பைக் கொடுத்த கூட்டத்தம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

திரையில் ஒரு சந்தை வந்தால், ஆஸ்பத்திரி வராந்தா வந்தால், தெருச்சண்டை வந்தால், பின்னால் ஒரு சலசலப்புக் கேட்கும் அல்லவா? படம் பிடிக்கும்போது அங்கே நிற்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். குரல் எங்களுடையது. ஒரு சின்ன அறை, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் துணி, நடுவில் மைக், எதிரே திரை. மைக்கைச் சுற்றி நிற்கிற நாலைந்து பேர்தான் ஊர் ஜனம். நான் அதில் இருமுவேன். கிழவர் இருமல், சிகரெட் இருமல், உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிவிக்கும் இருமல், எல்லாம் என் வசம். இடையிடையே "தள்ளுங்க, தள்ளுங்க" என்பேன். இந்தப் பிழைப்பில் என் பெயரே இருமல் என்று ஆகிவிட்டது.

ஆனால் அவள் ஒருத்தி வந்துவிட்டால் நாங்கள் மிச்சப் பேர் வீட்டில் படுத்துத் தூங்கலாம். ஒரே வாயில் நாலு சம்பந்தி அம்மாக்கள் பேசுவாள். சவுண்ட்காரர் காலையில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கூட்டம் வந்தாச்சா?" என்பதுதான். புதிதாக வந்தவர்கள் கும்பலை எதிர்பார்த்து வாசலை எட்டிப் பார்ப்பார்கள். அங்கே கையில் சோற்றுப் பையோடு ஒல்லியாக ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் அவள் கூட்டத்தம்மா ஆனாள். என்னைவிட வயதில் சின்னவள் என்பதால் இங்கே அவள் என்று எழுதுகிறேன். நேரில் வாங்க போங்கதான். அவளும் என்னை "இருமலாரே" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள்.

எல்லாவற்றையும்விட அவளிடம் உசத்தி சிரிப்பு. ஆனால் கேட்டதும் சிரித்துவிட மாட்டாள். "எதுக்கு?" என்பாள். ஒருமுறை உதவி டைரக்டர் ஒருவன், "சும்மா சிரிச்சுக் குடுங்கம்மா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"சும்மா எவ தம்பி சிரிப்பா? புருஷன் வழுக்கி விழுந்ததுக்குச் சிரிக்கிறதும் பக்கத்து வீட்டுக்காரன் விழுந்ததுக்குச் சிரிக்கிறதும் ஒண்ணா? விழுந்தது யாருன்னு கேட்டுட்டு வா."

அவன் போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். புருஷன்தானாம். அவள் சிரித்ததைக் கேட்டு, கல்யாணமான எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கூட்டத்தம்மா தனியாள். ஒரு அறையும், அடுப்பு வைக்கிற அளவுக்கு ஒரு மூலையும்தான் அவள் வீடு. அவளுடைய அக்கா மகன் சினிமா எடுக்கிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கியபோது, கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரைக்கு வந்தாள். பையன் வாய்க்கு வாய் சித்தி என்பான். சித்தி கையால் சாப்பிட்டால்தான் கதை வருகிறது என்பான். எங்கள் சவுண்ட்காரரிடம் அவனைக் கூட்டிவந்து, "நாளைக்குப் பெரிய டைரக்டர் ஆகப்போறவன், நல்லாப் பார்த்து வெச்சுக்கோங்க" என்று தலையில் தூக்கி வைத்து ஆடினாள். எனக்கு அவனை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. நாம் பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பான்.

அவன்தான் ஒருநாள் கேட்டிருக்கிறான், சித்தி ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று. அவள் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அவளுக்கு ஒரு அண்ணன். அண்ணனின் உயிர்த்தோழன்தான் மாப்பிள்ளை. அண்ணனே பேசி முடித்த சம்பந்தம். கல்யாணத்தன்று காலையில் மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டு டிரைவர் வந்து அண்ணன் காதைக் கடித்தார். மாப்பிள்ளை ஊரை விட்டே போய்விட்டான். ஏன் என்று அன்றும் யாருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது. அவள் இருந்த அலங்கார அறைக்கு அண்ணன் வந்து விஷயத்தைச் சொன்னார்.

அவள் சிரித்தாள்.

அவள் உடம்பு அப்படி. தாங்க முடியாதது எதுவோ வந்தால் அழுகை வர வேண்டிய வழியில் சிரிப்பு வந்துவிடும். அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னாளில் ஒரு லாரி அவளை உரசிக்கொண்டு போனபோது நடுரோட்டில் நின்று அதேபோல் சிரித்தாள். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். கேட்கிறவர்களுக்கு அது சந்தோஷத்தின் உச்சம் மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். கை ஐஸாக இருக்கும்.

அண்ணன் அவள் கையைப் பிடிக்கவில்லை. "நீதானே அவனை அனுப்பி வெச்சே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. பெண்ணுக்கு வேறு எவனோ இருக்கிறான், அவளே மாப்பிள்ளையை விரட்டிவிட்டாள், அதனால்தான் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. அண்ணனும் அதையே நம்பினார். தோழனும் போய், நாலு பேர் முன்னால் தலையும் குனிந்தவருக்கு நம்புவதற்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது போல. அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்தினார். இவள் எத்தனையோ முறை போய்ச் சொல்லப் பார்த்தாள். இவள் வாசலில் தெரிந்தாலே அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அக்காவோ யார் பக்கமும் வாயைத் திறக்காத ரகம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன் அழுதானாம். "சித்தி, இதை நான் படமா எடுக்கறேன். நீ சொன்னா மாமா எழுந்து போயிடுவாரு. தியேட்டர்ல உக்காந்தா எங்க எழுந்து போவாரு? உனக்கு என்ன நடந்துச்சுன்னு அவர் கண்ணால பார்க்கட்டும்" என்றானாம். கூட்டத்தம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது வீடோ வாசலோ இல்லை. அண்ணன் ஒரே ஒரு தடவை, நீ அனுப்பவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பையனுக்குப் படம் கிடைத்தது. கல்யாண வீட்டுச் சத்தம் முழுக்க நாங்கள்தான் கொடுத்தோம். நானே அதில் ஏழெட்டு மாமாக்களுக்கு இருமியிருக்கிறேன். மணப்பெண் சிரிக்கிற இடம் வந்தபோது திரையை அணைக்கச் சொன்னான். "இன்னும் வெட்டி ஒட்டலை சித்தி. படம் இல்லாமலே குடு" என்றான். நடிகை சிரித்தது சரியாக வரவில்லையாம்.

"எதுக்கு?" என்றாள் கூட்டத்தம்மா, வழக்கம்போல.

"உன் சீன்தான் சித்தி. அண்ணன் வந்து சொல்றாரு, மாப்பிள்ளை இல்லைன்னு."

அவள் தண்ணீர் குடித்தாள். மைக் முன்னால் வந்து நின்று, ஒரு சிரிப்புச் சிரித்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. பையன் தலையை ஆட்டினான்.

"இது இல்ல சித்தி. அன்னைக்கு எனக்குச் சொல்லும்போது நடுவுல வந்துச்சே, அது."

அத்தனை வருஷத் தொழிலில் அவள் அந்தச் சிரிப்பை எந்தப் படத்துக்கும் கொடுத்ததில்லை. எங்களிடம் அப்படி ஒன்று இருப்பதையே காட்டியதில்லை, லாரி உரசிய அன்று நான் கேட்டதோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு அது வந்தது. முதலில் மூச்சு முட்டுவது போல, அப்புறம் அறை கொள்ளாமல். சவுண்ட்காரர் பதிவை நிறுத்தத் தோன்றாமல் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகும் முடியவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன், ஐஸ். பையன் சவுண்ட்காரர் உட்காரும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வெளியே டீ குடிக்கும்போதுதான் அவள் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். "கொடுத்துட்டேன் இருமலாரே. இதுக்கு மேல நான் வாயால சொல்ல ஒண்ணும் இல்லை. அண்ணன் கேட்டா தெரிஞ்சுக்குவாரு" என்றாள். டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு இன்னொன்று வாங்கிக் குடித்தாள்.

அண்ணன் ஒரு மெத்தைக் கடை வைத்திருக்கிறார். படம் வெளிவருவதற்கு முன்னால் அவரைக் கூப்பிடப் போகும்போது துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டாள். மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவர் கல்லாவில் இருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே போவதற்குள் இவள் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, எனக்காக வர வேண்டாம். உங்க மருமகன் எடுத்த முதல் படம். அவனுக்காக வாங்க."

அவர் ஒரு மெத்தையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். கூட வேலை செய்கிறவன் என்றேன். "காலைக் காட்சின்னா வரேன். சாயங்காலம் கடை இருக்கு" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் கூட்டத்தம்மா, காலைக் காட்சிக்கு அவர் வருகிறார், காலைக் காட்சிக்கு வருகிறார் என்று என் காதைத் துளைத்துவிட்டாள்.

காலைக் காட்சி வந்தது. தியேட்டரில் பாதி நாற்காலி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பையன் புதுச் சட்டையோடு வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்தான். அண்ணன் நடைபாதை ஓரம் உட்கார்ந்தார், நடுவில் ஒரு நாற்காலி விட்டுக் கூட்டத்தம்மா, அவள் பக்கத்தில் நான்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல? அரைத்த மாவையே அரைத்திருந்தான், அதுவும் உப்பில்லாமல். அத்தனை பேர் கூலி வாங்கிக்கொண்டு நடித்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் செய்ய வேலையில்லை. ஒருவர் வந்து வழுக்கி விழுவார். அடுத்தவர் வந்து, ஏன் விழுந்தாய் என்று கேட்டுவிட்டு அவரும் விழுவார். பெரியப்பாவுக்குக் காது கேட்காது என்பதைக் கேட்காது கேட்காது என்று நமக்குக் காது வலிக்கும்வரை காட்டினார்கள். எனக்குக் கொட்டாவியாக வந்தது. கூட்டத்தம்மா மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் படமே பார்க்கவில்லை. பக்கவாட்டில் அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடம் வந்தது. அலங்கார அறை. படத்தின் அண்ணன் உள்ளே வந்து, மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்கிறான். மணப்பெண் தலையைத் தூக்குகிறாள். சிரிக்கிறாள். கூட்டத்தம்மாவின் சிரிப்பு. இருட்டில், அவ்வளவு பெரிய தியேட்டரில் அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சில நொடிகள் அது நல்ல படமாகவே இருந்தது. அண்ணன் முன்னால் சாய்ந்தார். கூட்டத்தம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு படத்தின் அண்ணன் அழுதுகொண்டே வெளியே போகிறான். மணப்பெண் கதவைச் சாத்திவிட்டுக் கட்டில்மேல் ஏறிக் குதிக்கிறாள். "ஓடிட்டானா? நிஜமாவே ஓடிட்டானா?" என்கிறாள். பீரோவுக்குள்ளிருந்து அவளுடைய காதலன் வெளியே வருகிறான். மாப்பிள்ளையை மிரட்டி அனுப்பியது இவர்கள்தானாம். இரண்டு பேரும் அந்த முட்டாள் அண்ணனைப் போல நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள். மறுபடி அதே சிரிப்பு. படம் முழுக்க ஒருத்தரும் சிரிக்காத தியேட்டர் அங்கேதான் சிரித்தது. கை தட்டினார்கள்.

என் முழங்கையில் இருந்த கை போய்விட்டது. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது அவராகவே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை வருஷம் கழித்துத் தங்கையை நேருக்கு நேர் பார்த்தார்.

"கேடி!" என்றார். "எனக்கு அப்பவே தெரியும். என்னை எப்படி ஏமாத்திட்டே!"

"அண்ணா..."

"விடும்மா. சின்ன வயசு, பண்ணிட்டே. நான்தான் வீம்பு பிடிச்சு இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டேன். இன்னைக்குப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. மன்னிச்சுட்டேன், போ. இனிமே வீட்டுக்கு வா."

அவள் தலைமேல் கையை வைத்தார். எந்தக் கைக்காக அவள் காத்திருந்தாளோ அதே கை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. அவள் வாயைத் திறந்து, "நான் அனுப்பலை" என்று தொடங்கினாள். "நான் அனுப்ப..." வரைக்கும்தான் வந்தது. அதற்குள் அது வந்துவிட்டது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, படத்தில் வந்த அதே சிரிப்பு என்று அடையாளம் கண்டு அவர்களும் சிரித்தார்கள். பையன் ஓடிவந்து போனில் படம் எடுத்தான்.

நான் பொறுக்க முடியாமல் அண்ணன் பக்கம் போனேன். "ஐயா, அது சிரிப்பு இல்லைங்க. அவங்க கையைத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது சிரிப்பு இல்லைன்னா வேற எது சார் சிரிப்பு?" என்றார். அவருக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது.

அவர் போன பிறகு கூட்டத்தம்மா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"எதுக்குடா?"

"சித்தி, தயாரிப்பாளர் ஒத்துக்கலை. பொண்ணு பாவமா இருந்தா ஜனங்க எப்படிச் சிரிப்பாங்க, ஏதாவது திருப்பம் வையின்னாரு. ஊர்ல பேசினதையே வெச்சுட்டேன். நான் என்ன பண்ண? ஆனா ஒண்ணு சித்தி, தியேட்டர் மொத்தமும் சிரிச்சது அந்த ஒரு இடத்துலதான். உன்னாலதான். மாமாவும் பேசிட்டாரே, அப்புறம் என்ன?"

"இதெல்லாம் நான் சிரிச்சுக் குடுத்த அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைப் பார்க்கவில்லை. தெரியும்.

அன்று சாயங்காலமே அவன் பெட்டியை வெளியே வைத்துவிட்டாள். கட்டிலில் போய்ப் படுத்தாளா, தரையில்தான் படுத்தாளா என்று நான் கேட்கவில்லை. படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் படம் போய்விட்டதே தவிர, கதை போகவில்லை. அண்ணன் வீட்டில் அவளைக் கொண்டாடினார்கள். அண்ணி அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டாள். அண்ணன் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பீரோவுக்குள் ஒளிந்திருந்தது யார் அத்தை, பெயரையாவது சொல்லுங்க என்று நச்சரித்தன. அப்படி யாரும் இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். "பாரு, இன்னும் மறைக்கறா!" என்று அண்ணன் தொடையைத் தட்டினார். மறுபடி மறுபடி சொன்னால் அவர் முகம் சுருங்கியது. பழைய வீம்பு எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் மூடிக்கொண்டாள்.

ஒரு தலையணை வாங்கலாம் என்று அவளோடு அந்தக் கடைக்குப் போனேன். கடையில் நல்ல வியாபாரம். அண்ணன் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வந்தியா? என் போனை எந்த மெத்தையில வெச்சேன்னு தெரியலை. ஒரு ரிங் குடும்மா."

அவள் தன் போனை எடுத்து அழுத்தினாள். கடையின் பின்பக்கம் எங்கேயோ, மெத்தைகளுக்கு நடுவிலிருந்து, முதலில் மூச்சு முட்டுவது போல, அப்புறம் கடை கொள்ளாமல் அவள் சிரித்தாள். படத்திலிருந்து எடுத்துத் தன் போனுக்கு மணியாக வைத்திருக்கிறார். கடைக்கு வந்தவர்கள் திடுக்கிட்டுச் சிரித்தார்கள்.

"எங்க தங்கச்சியோட சிரிப்புதான்! சினிமாவுல வந்தது!" என்றார் அண்ணன். முகமெல்லாம் பெருமை. ஒவ்வொரு மெத்தையாகத் தூக்கிப் பார்த்தார். அவர் கண்டுபிடிக்கிறவரைக்கும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். நான் என்னிடமிருந்த இருமல்களில் ஒன்றைக்கூட எடுக்காமல் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் எங்கள் அறைக்குப் புதிதாக ஒரு டைரக்டர் வந்தார். ஏதோ விருந்துக் காட்சி. "பின்னாடி ஒரு லேடி சிரிக்கணும்" என்றார். சவுண்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் சொல்ல அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டுமே என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அவள் கேட்கவில்லை. மைக் முன்னால் வந்து நின்றாள், சிரித்துக் கொடுத்தாள். "போதுமா, இன்னொண்ணு வேணுமா?" என்றாள்.